சுபாவமும் குற்றமும்

முன்னுரை

ஒரு வீட்டில் களவு நேர்ந்தாலும், ஒரு தெருவில் கொலை நிகழ்ந்தாலும், நம் மக்கள் முதலில் கேட்பது "யார் செய்தது?" என்பதாகும். "ஏன் செய்தான்?" என்ற இரண்டாவது வினா பெரும்பாலும் எழுவதேயில்லை, அதற்குரிய விடை ஆயத்தமாக இருக்கிறது. "அவன் குணமே அப்படி" என்பர். "பிறவிக் குணம் மட்டை வைத்துக் கட்டினாலும் போகாது", "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்னும் பழமொழிகள் அதற்குத் துணை நிற்கும். சங்கரன்கோவில் வட்டாரத்துச் சபைகளில் ஊழியம் செய்வோர் இவ்விடையைப் பூச்சந்தையிலும் கேட்கலாம். விசைத்தறிக் கூடத்திலும் கேட்கலாம். சபைக் குழுவிலும் கேட்கலாம். சிறை சென்று மீண்ட ஒருவர் ஆராதனையில் கடைசி வரிசையில் வந்து அமரும்போது அவரைச் சுற்றிப் பரவும் மௌனம் கூட இதே விடைதான்.

இவ்விடையில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று பிரித்தறிவது மேய்ப்பர்களுக்கு இன்றியமையாத கடமையாகும். ஏனெனில் இதை முழுதும் ஏற்றுக்கொண்டால் மனந்திரும்புதலைப் பற்றி நாம் பிரசங்கிப்பது வீணாகும். முழுதும் மறுத்துவிட்டாலோ, மனிதரை உள்ளபடி அறியாத குருட்டு இரக்கத்தில் விழுவோம். எனவே இப்பொருளை வரலாறு, உளவியல், திருமறை என்னும் மூன்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

1. சுபாவம் என்பது யாது?

ஒருவர் பல காலங்களிலும் பல சூழ்நிலைகளிலும் ஏறத்தாழ ஒரே வகையாக எண்ணவும் உணரவும் நடக்கவும் கொண்டுள்ள சாய்வையே உளவியலார் ஆளுமைப் பண்பு என்கின்றனர். நம் வழக்கில் இதைச் சுபாவம் என்கிறோம். இன்றைய உளவியலார் பலர் இப்பண்புகளை ஐந்து பெருந்தொகுதிகளாக வகுப்பர். புதியவற்றை நாடும் மனம், கடமையுணர்வு, பிறரோடு கலந்து பழகும் இயல்பு, இணக்கம், எளிதில் கலங்கும் இயல்பு என்பன அவை. இவற்றுள் எதுவும் சிலரிடம் மட்டும் இருந்து, பிறரிடம் அறவே இல்லாதது அன்று. உயரத்தைப் போல எல்லாரிடமும் உள்ளது. அளவு மட்டுமே வேறுபடும்.

குற்றமோ வேறு வகையைச் சேர்ந்தது. அது ஒரு செயல். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில், ஒரு சட்டத்துக்கு மாறாகச் செய்யப்படுவது. சாய்வு வேறு, செயல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையே வாய்ப்பு, வறுமை, கூட்டுறவு, குடி, சினமூட்டும் நிகழ்ச்சி, சட்டத்தின் கண் விழும் திசை எனப் பல படிகள் உள்ளன. இப்படிகளை மறந்து, சுபாவத்திலிருந்து நேரே குற்றத்துக்குத் தாவியதனால் விளைந்த கேட்டை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

2. 'பிறவிக் குற்றவாளி'

இத்தாலிய மருத்துவர் சீசரே லொம்பிரோசோ 1876இல் குற்றவாளியைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். சிறைவாசிகளின் மண்டையோடு, தாடை, காது, நெற்றி முதலியவற்றை அளந்து, குற்றவாளிகளுள் ஒரு சாரார் மனித வளர்ச்சியின் பழைய படியில் நின்றுவிட்ட தனி வகையினர் என்று அவர் கருதினார். இதிலிருந்தே 'பிறவிக் குற்றவாளி' என்னும் கருத்து உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, பிற மக்களோடு ஒப்பிட்டு, அத்தகைய தனி உடல் வகை ஒன்று இல்லை என்று 1913இல் எழுதினார். ஆராய்ச்சி உலகில் லொம்பிரோசோவின் கருத்து சாய்ந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் நம் நாட்டில் இதனினும் கொடிய ஒரு கருத்து சட்டமாகவே நின்றது.

3. கைரேகைச் சட்டம்

1871இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றப்பட்டது. தச்சுத் தொழிலும் நெசவும் தலைமுறை தலைமுறையாக வருவதுபோலக் குற்றமும் சில குலங்களுக்குப் பரம்பரைத் தொழில் என்பதே அதை ஆதரித்த அதிகாரிகளின் வாதம். லொம்பிரோசோவாவது தனி மனிதனின் மண்டையை அளந்தார். இச்சட்டம் எந்த மனிதனையும் அளக்கவில்லை. பிறப்பையே சான்றாகக் கொண்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அறிவிக்கப்பட்ட சமூகத்தினர் பதிவேட்டில் பெயர் எழுதி, கைரேகை வைக்கவேண்டும். குறித்த வேளையில் ஆஜராகவேண்டும். ஊர்விட்டு ஊர் செல்வதானால் அறிவிக்கவேண்டும். ஆகவே மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர்.

1918இல் பிரமலைக் கள்ளர்கள் இச்சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது காவல்துறையினர் சுட்டதில் 16 பேர் மாண்டனர். 1929இல் ஆப்பநாட்டு மறவர்கள்மேலும் இச்சட்டம் பாய்ந்தபோது, உ. முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்து மக்களைத் திரட்டினார். சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுவதிலும் 1952 ஆகஸ்டு 31ஆம் நாளிலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. அதன்பின் இச்சமூகத்தினர் சீர்மரபினர் எனப்பட்டனர்.

இங்கே நம் வட்டாரத்து வரலாற்றில் நின்று ஒன்றை உற்றுநோக்குவது நலம். பூலித்தேவர் ஆண்ட நெற்கட்டும்செவல் சங்கரன்கோவிலுக்கு அண்மையில் உள்ளது. பாளையங்கள் நிலவிய அக்காலத்தில் ஊர்க்காவல் ஒரு மதிப்புள்ள பொறுப்பு. காவல்காரர் விளைச்சலில் பங்கு பெற்றார். களவு போனால் பொருளைக் கண்டுபிடிக்கவோ ஈடு செய்யவோ கடமைப்பட்டிருந்தார். அஞ்சாமை, இரவில் விழித்திருக்கும் ஆற்றல், தடம் அறியும் கூர்மை, உறவினரோடு பிரியாத பற்று ஆகியன நல்ல காவல்காரனின் பண்புகள். 1801ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கும்பினி அரசு பாளையக்காரரின் கோட்டைகளை இடித்தது, ஆயுதங்களைப் பறித்தது, காவல் உரிமையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. வாழ்வு பறிபோன மக்களிடம் அந்தப் பண்புகள் எஞ்சி நின்றன. பின்னர் வந்த அதிகாரிகளின் ஏடுகளில் அதே அஞ்சாமை கொடுமை என்றும், அதே விழிப்பு களவுத் திறம் என்றும், அதே பற்று கொள்ளைக் கூட்டுறவு என்றும் பெயர் மாறிற்று. பண்பு மாறவில்லை, அதற்கு இருந்த நேரிய வழி அடைக்கப்பட்டது. அடைத்த கையே பின்னர் அவர்களுக்கு முத்திரையும் இட்டது.

4. திருச்சபையின் இரு முகங்கள்

இவ்வரலாற்றில் கிறிஸ்தவர்களுக்கும் பங்கு உண்டு. பதிவு செய்யப்பட்ட மக்களைக் குடியமர்த்தும் குடியிருப்புகள் சிலவற்றை அரசு மிஷன்களிடம் ஒப்படைத்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில் ஸ்டூவர்ட்டுபுரத்தில் இரட்சணிய சேனையும், காவலியில் அமெரிக்க பாப்டிஸ்து மிஷனும் அப்பணியை ஏற்றன. பள்ளி, கைத்தொழில், மருத்துவம் ஆகியவற்றை அவர்கள் அங்கே கொண்டுசென்றனர், அந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கு வாழ்ந்தோர் தம் விருப்பத்தால் வந்தோர் அல்லர். குற்றம் நிரூபிக்கப்படாமலே பிறப்பினால் அடைக்கப்பட்டோர். இரட்சணிய சேனையின் இந்தியத் தலைவராயிருந்த பூத் டக்கர், குற்றத்தைக் குணப்படுத்தும் இயல் என்ற பொருளில் ஒரு புதுச் சொல்லையே படைத்து நூல் எழுதினார். நோயே இல்லாதவனையும் நோயாளியாக எண்ணும் மருத்துவம் அது. முத்திரை சரியா என்று கேளாமல், முத்திரையிடப்பட்டவருக்கு இரக்கம் காட்டியதே அதன் குறை.

மற்றொரு முகமும் உண்டு. செங்கன்னூரில் பிறந்த சிரியக் கிறிஸ்தவரான வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் மதுரையில் குடியேறி, பிரமலைக் கள்ளர்களுக்காக இச்சட்டத்தை எதிர்த்து நீதிமன்றங்களில் வாதாடினார். அம்மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். அவர் யாரையும் குணப்படுத்த முயலவில்லை. ஒவ்வொரு மனிதனும் தன் செயலுக்காக மட்டுமே நியாயந்தீர்க்கப்படவேண்டும் என்று வாதாடினார். நம் இறையியல் மாணவர்கள் இவ்விரு முகங்களையும் அருகருகே வைத்துச் சிந்திக்கவேண்டும்.

5. உளவியல் இன்று கூறுவது

அப்படியானால் சுபாவத்துக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. ஆனால் அது தனி மனிதரைச் சார்ந்தது. விதியாக நில்லாமல் வாய்ப்பளவாக நிற்பது.

1964இல் ஹான்ஸ் ஐசென்க் ஓர் விளக்கம் தந்தார். குழந்தை தவறு செய்யும்போது கண்டிக்கப்படுகிறது. தவறும் அச்சமும் மனத்தில் பிணைகின்றன. அப்பிணைப்பே மனச்சாட்சியாக வளர்கிறது. புறத்தே நாட்டமுள்ள, கிளர்ச்சி தேடும் பிள்ளைகளிடம் இப்பிணைப்பு மெதுவாக உண்டாகிறது என்றார் அவர். பிற்கால ஆய்வுகள் கலகலப்பாகப் பழகும் இயல்புக்கும் குற்றத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு என்று காட்டின. இணக்கம் குன்றியிருத்தல், கடமையுணர்வு குன்றியிருத்தல் ஆகிய இரண்டுமே குற்றத்தோடு தெளிவான தொடர்புடையவை. பிறர் துன்பத்தை மதியாமையும், கணத்தின் வேகத்தில் விளைவை எண்ணாமையும் என்று எளிய தமிழில் இவற்றைக் கூறலாம்.

இத்தொடர்பின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் சான்று நியூசிலாந்தின் டனீடன் நகரத்து ஆய்வு. அங்கு 1972-73இல் பிறந்த 1,037 பிள்ளைகளை ஆராய்ச்சியாளர் சிறுவயது முதல் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். டெரி மொஃபிட் முதலானோர் 2011இல் வெளியிட்ட முடிவுகளின்படி, சிறுவயதில் தன்னடக்கம் மிகக் குறைந்திருந்த ஐந்திலொரு பகுதியினரில் 100க்கு 43 பேர் 32 வயதுக்குள் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டிருந்தனர். தன்னடக்கம் மிகுந்திருந்த ஐந்திலொரு பகுதியினரில் அவ்வாறு தீர்க்கப்பட்டவர் 100க்கு 13 பேர். இவ்வேறுபாடு சிறிதன்று. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் முன்னோர் கேட்டது வெறும் பேச்சன்று.

ஆனால் அதே எண்ணை மறுபக்கம் திருப்பிப் பார்ப்போம். அடக்கம் மிகக் குறைந்த பிள்ளைகளிலும் 100க்கு 57 பேர்மீது எந்தத் தீர்ப்பும் இல்லை. அடக்கம் மிகுந்த நல்ல பிள்ளைகளிலும் 13 பேர் தவறினர். ஒரு சிறுவனைச் சுட்டி "இவன் குற்றவாளியாவான்" என்று சொல்பவர், மிகக் கடினமான பிள்ளைகளின் நடுவிலும் தவறாகச் சொல்லும் வாய்ப்பே மிகுதி. இன்னும் ஒன்று: வளரும் பருவத்தில் தன்னடக்கத்தில் முன்னேறிய பிள்ளைகள், முன்னேறாதவர்களைவிட நல்ல வாழ்வை அடைந்தனர். சாய்வு கல்லில் எழுதப்பட்டதன்று.

இதே மொஃபிட் 1993இல் மற்றொரு வேறுபாட்டையும் எடுத்துக்காட்டினார். விடலைப் பருவத்தில் மட்டும் சட்டத்தை மீறிப் பின்னர் தாமே நிறுத்திவிடுவோர் பலர். குழந்தைப் பருவம் முதல் முதுமை நோக்கித் தொடர்ந்து மீறுவோர் சிலர். பலரைச் சிலராக எண்ணி நடத்துவதே நாம் பெரிதும் செய்யும் தவறு.

குற்றவுணர்வும் பரிவும் மிகக் குறைந்த, இனிய பேச்சால் பிறரை ஏய்க்கும் ஆளுமையைப் பற்றி 1941இல் ஹெர்வி கிளெக்லி எழுதினார். அதை அளக்க ராபர்ட் ஹேர் 20 கூறுகள் கொண்ட அளவையை அமைத்தார். இத்தகையோர் உண்டு, இவர்களால் பிறர் அடையும் துன்பமும் பெரிது. எனினும் அவ்வளவையின் கூறுகளில் சில, முன்பு செய்த குற்றங்களையே எண்ணுகின்றன. குற்றத்தைக் கொண்டு சுபாவத்தை அளந்து, பின் அச்சுபாவமே குற்றத்துக்குக் காரணம் என்பது வட்டமான வாதமாகும் என்று உளவியலாருள்ளேயே சிலர் எச்சரித்துள்ளனர்.

சிறையில் இருப்போரை மட்டும் ஆராய்வதில் வேறொரு மறைப்பும் உண்டு. மேசைக்குப் பின்னிருந்து கணக்கைத் திருத்தும் மதிப்புக்குரிய மனிதர் அவ்வளவு எளிதாகச் சிறைக்கு வருவதில்லை. 1939இல் எட்வின் சதர்லாந்து 'வெள்ளைக் காலர் குற்றம்' என்று பெயரிட்டது இதைத்தான். கடமையுணர்வும் அடக்கமும் மிக்கவரும் திட்டமிட்டு அநீதி செய்யலாம். சபைச் சொத்துகளைப் பற்றிய வழக்குகளை அறிந்தோருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

6. திருமறையின் ஒளியில்

திருமறை சுபாவத்தை மறுப்பதில்லை. எரேமியா 13:23இல் சிவிங்கியின் புள்ளியையும் எத்தியோப்பியனின் தோலையும் உவமை காட்டித் தீர்க்கதரிசி பேசுவது, பழகிப்போன தீமையின் பிடி எவ்வளவு கடியது என்பதையே. ஆனால் அதே தீர்க்கதரிசி 31ஆம் அதிகாரத்தில், தேவன் தம் கட்டளையை இருதயத்தில் எழுதும் புதிய உடன்படிக்கையை அறிவிக்கிறார். பிடி கடியது, ஆனால் இறுதியானதன்று.

பிதாக்கள் புளித்த திராட்சையைத் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்று அக்காலத்து மக்களும் பழமொழி சொல்லித் திரிந்தனர். எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் அப்பழமொழியைத் தடை செய்கிறது. தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை. துன்மார்க்கன் திரும்பினால் அவன் பழைய மீறுதல்கள் நினைக்கப்படுவதில்லை. பரம்பரைக் குற்றம் என்னும் கருத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேறில்லை.

காயீனின் கதை (ஆதியாகமம் 4) கருதத்தக்கது. கொலைக்கு முன்பே அவனது எரிச்சலைத் தேவன் அறிவார். அதை மறைக்காமல் அவனிடமே எடுத்துரைக்கிறார். பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது என்றும், அதை அவன் ஆளவேண்டும் என்றும் எச்சரிக்கிறார். சாய்வையும் பொறுப்பையும் ஒருசேர வைக்கும் உரையாடல் இது. கொலைக்குப் பின்னர் இடப்பட்ட அடையாளமும் பிறர் அவனைக் கொல்லாதபடி காக்க இடப்பட்டது. மனிதர் இடும் முத்திரைகளோ அழிக்கவே இடப்படுகின்றன.

தீத்து 1:12 நம்மை இடறச் செய்யும் பகுதி. கிரேத்தா தீவார் அனைவரையும் பொய்யர் என்னும் அவ்வூர்ச் சொல்லைப் பவுல் எடுத்தாளுகிறார். அது மெய் என்றும் ஒப்புகிறார். ஆனால் ஐந்தாம் வசனத்தை நோக்குக. பட்டணந்தோறும் மூப்பர்களை ஏற்படுத்தும்படியே தீத்துவை அவர் அங்கு விட்டுவந்தார். அம்மூப்பர்கள் அதே கிரேத்தர்களுள்ளிருந்தே எழவேண்டும். குணத்தைப் பற்றிய கடுஞ்சொல்லைக் கேட்டபின்னும் அம்மக்களிடம் பொறுப்பை ஒப்படைப்பது கிருபையின் வழி.

ஜென்ம பாவம் பற்றிய போதனையையும் சரியாக விளங்கிக்கொள்ளவேண்டும். எல்லாரும் பாவஞ்செய்தவர்கள் என்று ரோமர் 3 கூறும்போது, அது சிலரைப் பிரித்து நிறுத்தவில்லை. அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. லொம்பிரோசோ 'அவர்கள்' என்றார். அப்போஸ்தலர் 'எல்லாரும்' என்கிறார். கலாத்தியர் 5இல் ஆவியின் கனியைப் பட்டியலிடும்போது இச்சையடக்கத்தை அவர் இறுதியில் வைத்திருப்பதும் கருதத்தக்கது. டனீடனில் அளக்கப்பட்ட அதே பண்பு இங்கே கனி எனப்படுகிறது. கனி ஒரே நாளில் பழுப்பதில்லை. அதற்கு வேரும் நீரும் பருவமும் வேண்டும்.

7. ஊழியத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, நம் நாவைக் காப்போம். ஒரு தெருவின் பெயரையோ ஒரு குலத்தின் பெயரையோ குற்றத்தோடு இணைத்துப் பேசும் வழக்கம் பிரசங்கத்திலும் நகைச்சுவையிலும் கூட நுழையலாகாது. சட்டம் ஒழிந்தபின்னும் அதன் நிழல் நீண்டிருந்தது. சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகக் கருதியும் சாதி பார்த்தும் சிறைகளில் வேலை பிரித்த விதிகளை உச்சநீதிமன்றம் 2024 அக்டோபர் 3ஆம் நாளில்தான் செல்லாதவை என்று தீர்த்தது.

இரண்டாவது, சிறு பிள்ளைகளிடம் தன்னடக்கத்தைப் பயிற்றுவிப்போம். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரும் விடுதிக் காப்பாளரும் இதில் பெரும்பங்கு ஆற்றலாம். காத்திருக்கக் கற்பித்தல், சொன்ன வேலையை முடிக்கச் செய்தல், தவறினால் காரணம் சொல்லித் திருத்துதல் முதலிய எளிய பழக்கங்களே போதும். எல்லார் முன்னும் "திருடன்" என்று ஒரு சிறுவனை அழைப்பது ஒருபோதும் வேண்டாம். அப்பெயர் நாளடைவில் அவன் தன்னைக் காணும் கண்ணாடியாகிவிடும் என்பதை 1938இலேயே பிராங்க் டன்னன்பாம் எழுதினார். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், தவறிய சிறுவனின் பழைய பதிவுகள் சிறப்புச் சூழ்நிலைகளில் தவிர அழிக்கப்படவேண்டும் என்னும் புதுத் தொடக்கக் கொள்கையை ஏற்றுள்ளது. நாட்டின் சட்டம் மறக்கச் சொல்வதைச் சபை நினைவில் வைத்திருப்பது நமக்கு நாணமாகும்.

மூன்றாவது, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்தோ வேறெங்கிருந்தோ மீண்டு வருவோருக்கு வேலையும் தோழமையும் தேடித் தருவோம். எபேசியர் 4:28 திருடினவனுக்குக் கூறும் அறிவுரை உழைப்பையும், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுப்பதையும் பற்றியது. கொடுப்பவனாக ஆகுமளவும் அவனை அது இட்டுச்செல்கிறது. ஆனால் உழைக்க இடம் தருவார் இல்லையேல் அவ்வசனம் அவனுக்குப் பாரமாகவே இருக்கும்.

நான்காவது, இரக்கத்தோடு விவேகமும் வேண்டும். மன்னிப்புக் கேட்பதில் வல்லவராய், மாறுவதில் விருப்பமற்றவராய் இருப்போரும் சபையில் உண்டு. கண்ணீரைக் கண்டவுடன் காணிக்கைப் பெட்டியையோ பிள்ளைகளையோ அவர் பொறுப்பில் விடுவது அன்பாகாது. சகேயு வார்த்தையோடு நில்லாமல் நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேளாமல் பாதித்தவரை மட்டும் தேற்றுவது சுவிசேஷம் ஆகாது.

முடிவுரை

சுபாவம் குற்றத்தின் தாய் அன்று. பல வழிகளுக்கு நடுவே ஒரு சாய்வான வழி. அச்சாய்வை அறிந்தால் காலத்தே கைகொடுக்கலாம். அதையே விதியாக்கினால் விழுந்தவனை மீண்டும் தள்ளுவோம். ஒரு காலத்தில் கைரேகை பதிக்கப்பட்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் முதலியவற்றில் பயின்று, இன்று ஆசிரியராகவும் மருத்துவராகவும் சட்டம் காக்கும் அதிகாரிகளாகவும் பணியாற்றுகின்றனர். இரத்தத்தில் குற்றம் இருந்ததாகச் சொன்ன ஏடுகளை அவர்களுடைய வாழ்வே பொய்யாக்கிவிட்டது. அடுத்த ஞாயிறன்று கடைசி வரிசையில் வந்து அமரும் மனிதரைப் பற்றி நாம் எழுதிவைத்திருக்கும் ஏட்டையும் திறந்து பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.